பெயர் நிற்கிறது, ஊர் யாருடையது?

இலங்கையில் பெரிய மின்தடை வரும்போதெல்லாம் ஓர் ஊரின் பெயர் செய்திகளில் அடிபடுகிறது. நுரைச்சோலை பழுதடைந்தது, நுரைச்சோலை மீண்டும் இயங்குகிறது என்று வானொலி சொல்லும். கண்டியிலோ காலியிலோ அதைக் கேட்பவருக்கு நுரைச்சோலை என்றால் 900 மெகாவாட் அனல்மின் நிலையம், நெடிய புகைபோக்கி, நிலக்கரிக் கப்பல். வெங்காயமும் மிளகாயும் விளையும் மணல் தோட்டங்களும், பாலாவி - கற்பிட்டி வீதியோரச் சந்தையும், பள்ளிவாசலும் தேவாலயமும் அடுத்தடுத்து வரும் கரையூர்களும் அவர் நினைவுக்கு வருவதில்லை. மின் நிலையம் நிற்பதோ நரக்கள்ளிக் கரையில். அரசு அதற்குச் சூட்டிய பெயர் லக்விஜய. ஆக, நரக்கள்ளியின் நிலத்தில் கட்டிய நிலையம் ஏட்டில் ஒரு பெயரையும் மக்கள் வாயில் பக்கத்து ஊரின் பெயரையும் தாங்கி நிற்கிறது.

ஓர் இடத்தின் பெயர் மாறுவதும் அங்கே வாழ்வோர் மாறுவதும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்ற கேள்வி பெரும்பாலும் பெருநகரங்களை வைத்தே பேசப்படுகிறது. 1964இல் சமூகவியலாளர் ரூத் கிளாஸ் இலண்டனின் தொழிலாளர் குடியிருப்புகளை ஆராய்ந்தார். வசதி படைத்தோர் உள்ளே வர, வாடகை ஏற, பழைய குடிகள் வெளியேற, கடைசியில் அந்த வட்டாரத்தின் முகமே மாறிப்போவதை அவர் விளக்கினார். அந்தப் போக்கைத் தமிழில் மேட்டுக்குடியாக்கம் என்கிறார்கள். நுரைச்சோலை நகர வட்டாரம் அல்ல. புத்தளம் மாவட்டக் கரையோரச் சிற்றூர்த் தொகுதி. ஆனாலும் நகரம் தன்னை அழகுபடுத்திக்கொள்ளும்போது அதன் சுமை எங்கே இறங்குகிறது, பெயரை யார் எடுத்துக்கொள்கிறார்கள், யார் வெளியேறுகிறார்கள் என்பதையெல்லாம் கொழும்பின் மாடிகளில் இருந்து பார்ப்பதைவிட இந்தக் கரையில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது.

கொம்பனித்தெரு: பெயர் திருந்தியது, மக்கள்?

முதலில் கொழும்பு. பேரே வாவியை ஒட்டிய கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் ‘ஸ்லேவ் ஐலண்ட்’ என்று பெயர். ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை அடைத்து வைத்த இடம் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. 2022இன் இறுதியில், மூன்று மொழிகளிலும் கொம்பனித்தெரு என்ற பெயரையே பயன்படுத்த அரசு முடிவெடுத்தது. இழிவைச் சுமந்த ஒரு பெயர் போனதில் வருந்த எதுவும் இல்லை.

ஆனால் அந்த முடிவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்த வட்டாரம் கலையத் தொடங்கிவிட்டது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் குடியிருந்தவர்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. கொழும்பில் சுமார் 68,000 குடும்பங்களைத் ‘தோட்டம்’ எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் இருந்து அடுக்குமாடிகளுக்கு மாற்றி, ஏறத்தாழ 900 ஏக்கர் நிலத்தை ‘விடுவிப்பது’ அதிகார சபையின் திட்டம். கொம்பனித்தெருவின் ஜாவா லேனும் அதில் அகப்பட்டது. மலாய்க் குடும்பங்கள், முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் என்று பலரும் கலந்து வாழ்ந்த சந்துகளின் அருகே இன்று உல்லாச விடுதிகளும் சூதாட்டக் கூடமும் கோடிக்கணக்கில் விலைபோகும் மாடி வீடுகளும் எழுந்து நிற்கின்றன. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வெளியேற்றங்களில் மக்களிடம் முறையாகக் கலந்துபேசாததையும் சொந்த வீட்டுரிமை வைத்திருந்தவர்கள்கூட மாடி வீட்டுக்குப் பணம் கட்ட வேண்டி வந்ததையும் பதிவுசெய்தது.

போய்ச் சேர்ந்த மாடிகளுக்கும் பெயர் உண்டு: சிறிசர உயன, மெத்சர உயன, முவதொர உயன. அங்கே குடிபோனவர்களில் தமிழ் பேசுவோர் கணிசமாக இருந்தும் இப்பெயர்களில் எதுவும் தமிழில் இல்லை. ஒரே தோட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவர்கள் வெவ்வேறு மாடிகளுக்குப் பிரிந்தனர். குடிநீர்க் குழாயும் தனிக் கழிப்பறையும் கிடைத்ததைப் பலர் நன்மையாகவே சொல்கிறார்கள். அதை மறுப்பது நேர்மை ஆகாது. ஆயினும் தெருவோரச் சிறு கடை, வீட்டில் சமைத்து விற்கும் சாப்பாடு, வாசலில் நிறுத்திய முச்சக்கரவண்டி ஆகியவற்றால் பிழைத்தவருக்குப் பத்தாவது மாடி வேறோர் உலகம்.

சென்னையின் கதையும் இதற்கு அப்பாற்பட்டதல்ல. நகர நடுவில் கூவம் கரையிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்தவர்கள் 2000 முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். வேலை நகரத்திலேயே இருந்தது; வீடு மட்டும் தொலைதூரம் போனது. 2021இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். மதிப்பான பெயர்தான். பேருந்துக்கும் வேலைக்கும் பள்ளிக்கும் அலையும் தொலைவை அது குறைக்கவில்லை. நியூயோர்க்கின் ஹார்லெமில் மட்டும் மக்கள் முந்திக்கொண்டார்கள். 2017இல் வீட்டுத் தரகர்கள் தென் ஹார்லெமை ‘சோஹா’ என்று விளம்பரம் செய்யத் தொடங்கியதும், கறுப்பின மக்களின் பண்பாட்டு வரலாற்றையே அழிக்கும் பெயர் இது என்று குடியிருப்பாளர்கள் தெருவில் இறங்கினார்கள். புதுப் பெயர் வந்தால் பின்னாலேயே புது வாடகை வரும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

கற்பிட்டிக் குடாநாட்டின் பழைய ஏடு

இந்தக் கண்ணோடு நுரைச்சோலைக்கு வருவோம். ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் இந்து சமுத்திரம், நடுவே ஒடுங்கி நீளும் மணல் நிலம் கற்பிட்டிக் குடாநாடு. 1344இல் இபின் பதூதா இலங்கையில் இறங்கியது ‘பத்தாலா’ என்று அவர் குறித்த புத்தளத்தில். ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் கற்பிட்டியில் கோட்டை கட்டினார்கள். அதே கற்பிட்டியில் 1807இல் பிறந்த தமிழர் சைமன் காசிச்செட்டி 1834இல் வெளியிட்டது இலங்கையின் இடப்பெயர்களை அகரவரிசையில் தொகுத்து விளக்கும் நூல். நாட்டின் ஊர்ப்பெயர்களை ஏட்டில் ஏற்றிய முன்னோடி இந்த மண்ணில் இருந்து வந்தவர் என்பதை இங்குள்ள பள்ளிகளில் இன்று எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள்?

மாம்புரி, நாவற்காடு, ஏத்தாளை, ஆலங்குடா, பனையடி, இலந்தையடி, கண்டக்குழி. மரத்தையும் குடாவையும் குழியையும் வைத்து மக்கள் சூட்டிய பெயர்கள் இவை. பலவற்றுக்குச் சிங்கள வடிவமும் உண்டு. முந்தல் முந்தலம ஆகிறது, நாவற்காடு நாவக்காடுவ ஆகிறது. சிலாபம் - புத்தளம் கரையில் இருமொழி பேசிய கத்தோலிக்க மீனவர்கள் பலர், 20ஆம் நூற்றாண்டில் பள்ளிக் கல்வி தமிழில் இருந்து சிங்களத்துக்கு மாறியதோடு சிங்களம் பேசுவோராக மாறினார்கள். தாத்தா தமிழில் செபித்தார், பேரன் சிங்களத்தில் செபிக்கிறான். அவனுடைய நாவில் ஊர்ப்பெயர் உருமாறுவது இயல்பு. ஒரே ஊருக்கு இரண்டு மொழியிலும் வடிவம் இருப்பதில் யாருக்கும் தீங்கில்லை. பெயர்ப்பலகையிலும் அரசுக் கடிதத்திலும் ஒரு வடிவம் மட்டும் எஞ்சி மற்றது உதிரும்போதுதான் இழப்பு தொடங்குகிறது.

கடற்கரைக்குள் இன்னும் நுண்ணிய பெயர்கள் உண்டு. கரைவலை இழுக்கும் இடத்தைப் ‘பாடு’ என்பார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் எல்லை உண்டு, உரிமைக்காரர் உண்டு, வலை போடும் முறை உண்டு. பருவம் மாறும்போது நீர்கொழும்பு, சிலாபப் பக்கத்து மீனவர்கள் வந்து வாடி என்னும் தற்காலிகக் குடில் அடிப்பார்கள், கருவாடு காயும், பருவம் முடிய வாடி கலையும். எந்த நில அளவைப் படத்திலும் இந்தப் பாடுகளும் வாடிகளும் முழுமையாகக் கிடையாது. படத்தில் வெறும் மணலாகத் தெரிவதால்தான் திட்டம் போடுகிறவர்களுக்கு அது ஆளில்லாத நிலமாகத் தோன்றுகிறது.

1990: பெயரைச் சுமந்து வந்தவர்கள்

1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எண்ணிக்கை சுமார் 75,000. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இருந்தவர்களுக்கு இரண்டு மணி நேரமே தரப்பட்டது. மன்னாரில் இருந்து வெளியேறியவர்களில் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். புத்தளம், கற்பிட்டி, முந்தல் பகுதிகளில் தென்னந்தோட்டங்களிலும் வெறும் மணலிலும் ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. நுரைச்சோலையை அடுத்த ஆலங்குடாவும் அப்படி முகாமாயிற்று.

வந்தவர்கள் தங்கள் ஊர்ப்பெயர்களைக் கைவிடவில்லை. மன்னார் எருக்கலம்பிட்டியார் புத்தளத்தை அடுத்த நாகவில்லில் குடியமர்ந்து, பள்ளிக்கும் எருக்கலம்பிட்டி என்றே பெயர் வைத்தார்கள். நிலம் பறிபோனது, பெயரையாவது பிள்ளைகளின் நாவில் நிலைக்கவிட வேண்டும் என்ற தவிப்பு அதில் இருந்தது. யாழ்ப்பாணத்திலோ நேர்மாறு: சோனகத் தெரு என்ற பெயர் தெருவிலேயே நின்றது, அந்தப் பெயருக்கு உரியவர்கள் இல்லை. வீடுகள் கூரையிழந்தன, சுவர்களில் மரம் முளைத்தது. மன்னாரில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பித்த எஸ்.எச். ஹஸ்புல்லா இந்த வெளியேற்றத்தையும் இழந்த சொத்துகளையும் ஆவணப்படுத்துவதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார்.

வரவேற்ற புத்தளத்துக்கும் இது எளிதான காரியமாக இருக்கவில்லை. முதல் நாள்களில் பள்ளிவாசல்களும் வீடுகளும் சோறு கொடுத்தன. ஆண்டுகள் ஓட, தண்ணீர், பள்ளி இடம், கூலி, காணி விலை என்று உரசல் எழுந்தது. ‘அகதி’ என்ற சொல் முகவரியாகவே ஒட்டிக்கொண்டது. இங்கேயே பிறந்த பிள்ளையையும் அது விடவில்லை. அதேநேரம் வெங்காயத் தோட்டங்களில் வேலைக்கு ஆள் கிடைத்தது, கடைகள் பெருகின, நுரைச்சோலைச் சந்தை வளர்ந்தது. 2007இல் உலக வங்கி 3 கோடி 20 இலட்சம் டொலர் கடனில் புத்தளம் வீடமைப்புத் திட்டத்துக்கு உதவியபோது, பல குடும்பங்கள் கொட்டிலை விட்டுக் கல்வீட்டுக்கு மாறின. ஏழைகள் ஏழைகளோடு நெருங்கி வாழ்ந்ததால் ஊரின் குணம் மாறியது. இதை மேட்டுக்குடியாக்கம் என்று சொல்ல முடியாது. ஒருவரை ஒருவர் வெளியே தள்ளாமலே ஓர் ஊர் பல்லாயிரம் பேரை ஏற்று மாற முடியும் என்பதற்கு இதுவே சான்று. அதனால்தான் அடுத்து வந்த மாற்றங்களை இதோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது.

புகைபோக்கியும் உல்லாசக் கரையும்

நிலக்கரி மின் நிலையம் 1990களிலேயே நுரைச்சோலைக்குக் குறிக்கப்பட்டுவிட்டது. மக்கள் எதிர்த்தார்கள். சிலாபம் ஆயராக இருந்த பிராங்க் மார்க்கஸ் பெர்னாண்டோ எதிர்ப்பின் முன்னணியில் நின்றார். மார்ச்சிலும் ஆகஸ்ட்டிலும் மதம் பாராமல் மக்கள் திரளும் தலவில புனித அன்னம்மாள் திருத்தலம் அருகே இருப்பதும் அந்த எதிர்ப்புக்கு வலுச் சேர்த்தது. திட்டம் சில காலம் ஒத்திப்போய், 2006இல் மீண்டும் உயிர்பெற்றது. சீன எக்சிம் வங்கிக் கடனில் சீன நிறுவனம் கட்டியது. முதல் 300 மெகாவாட் பிரிவு 2011 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. மூன்று பிரிவுகளும் நிறைவுற்ற விழாவில் 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் கலந்துகொண்டார். நாட்டின் மின் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் அளவு இங்கிருந்து போகிறது.

அந்த மின்சாரம் இன்றி இலங்கை இயங்காது, மறுப்பதற்கில்லை. ஆனால் நிலையத்துக்காகக் காணி இழந்து பெயர்ந்தவர்கள் உள்ளூர்வாசிகள். காற்றடிக்கும் மாதங்களில் நிலக்கரித் தூசும் சாம்பலும் தோட்டத்தில் படிகின்றன என்று ஆண்டுதோறும் முறையிடுவதும் அவர்கள்தான். நிலக்கரி இறங்கும் கடற்பரப்பில் வலை போட முடியாமல் ஒதுங்கிப் போகிறவர்களும் அவர்களே. நாடு அவர்களின் ஊர்ப்பெயரை நாள்தோறும் உச்சரிக்கிறது. ஊர்க்காரர்களைப் பற்றி அந்தச் செய்திகளில் ஒரு வார்த்தையும் இல்லை.

போர் முடிந்த 2009க்குப் பிறகு மற்றொரு அலை எழுந்தது. கற்பிட்டிக் கடலில் டொல்பின்களும் திமிங்கிலங்களும் கூட்டமாக வரும். 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பவளப்பாறைத் தொடர் பக்கத்தில் இருக்கிறது. காற்றோ ஆண்டின் பெரும்பகுதி விசையாக வீசும். பட்டத்தைப் பிடித்து அலையில் சறுக்கும் விளையாட்டுக்காக ஐரோப்பியர் கப்பலடிக் களப்புக்கும் கண்டக்குழிக்கும் வந்தார்கள். ஆலங்குடாக் கரையில் உல்லாச விடுதிகள் எழுந்தன. குடாநாட்டின் 14 தீவுகளை உள்ளடக்கி ஒருங்கிணைந்த சுற்றுலாத் திட்டம் ஒன்றை அரசு வகுத்தது. மீனவர் அமைப்புகள் காணி பறிபோகும், கடலுக்குப் போகும் வழி அடைபடும் என்று எதிர்த்தன.

இப்போது ஆலங்குடா என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். அகதிகள் பற்றிய அறிக்கைகளில் அது முகாம். பயண வழிகாட்டிகளில் அது டொல்பின் பார்க்கும் கடற்கரை. மின் நிலையத்தின் அயலூர்ப் பட்டியலில் அது தூசு படியும் இடம். மூன்றும் ஒரே மணல். ஆனால் மூன்று வரைபடங்களும் ஒன்றையொன்று அறியாதவை போல் நடந்துகொள்கின்றன. விடுதியின் விளம்பரப் படத்தில் புகைபோக்கி தெரியாது, முகாமும் தெரியாது. சறுக்கு விளையாட்டுக்காரர்கள் தங்கள் வசதிக்கு ‘டொங்கி பொயிண்ட்’ போன்ற பெயர்கள் வைத்துக்கொண்ட முனைகளுக்கும் மீனவர்களிடம் முன்பே பெயர் உண்டு. கிழக்கே பொத்துவில் பக்கத்து உல்லையும் இதே வழியில் போனது: உலகம் அதை அறுகம்பே என்று மட்டும் அறிகிறது.

சுற்றுலாவால் வருமானம் வந்தது. படகுக்காரர்கள் சிலர் மீன்பிடியை விட்டு டொல்பின் பார்க்க ஆட்களை ஏற்றுகிறார்கள். இளைஞர்கள் விடுதிகளில் வேலை பார்க்கிறார்கள். ஆனால் கடலோரக் காணியின் விலை ஏறியதும் அதை விற்றவருக்கு ஒருமுறை காசு. வாங்கியவருக்கு நெடுங்கால வருமானம். பாடு இருந்த இடத்தில் வேலி வந்தபின் வலைக்காரனுக்கு அந்த ஒருமுறைக் காசில் பங்கில்லை, ஏனெனில் அவனிடம் காணி உறுதிப் பத்திரம் இல்லை, உரிமை மட்டுமே இருந்தது.

கொழும்பின் அழகும் புத்தளத்தின் சுமையும்

2017 ஏப்ரல் 14 அன்று கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்ல குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொழும்புக் குப்பையைக் கொட்ட அரசு தேர்ந்திருந்த இடம் புத்தளம் மாவட்டத்தின் அறுவைக்காடு. 2018இல் ‘க்ளீன் புத்தளம்’ என்ற பெயரில் முஸ்லிம், தமிழ், சிங்கள மக்கள் சேர்ந்து வீதியில் இறங்கினார்கள். ஆனாலும் 2019இல் கொழும்புக் குப்பை அங்கே வரத் தொடங்கியது.

இதையும் கொம்பனித்தெருவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொழும்பு மாடிகளின் ஒளி நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியிலிருந்து வருகிறது. அந்த மாடிகளின் குப்பை அறுவைக்காட்டுக்கு அனுப்பப்பட்டது. வார இறுதியில் அந்த மாடிவாசிகள் இளைப்பாறுவது கற்பிட்டிக் கரையில். மேட்டுக்குடியாக்கத்தை ஒரு தெருவுக்குள் நடக்கும் வாடகைக் கணக்காக மட்டும் படித்தால் பாதிதான் தெரியும். நகரத்தின் ஒரு வட்டாரம் மேலேறும்போது நூறு மைல் தொலைவில் ஒரு கரையூர் அதன் செலவைக் கட்டுகிறது.

இத்தனை எடுத்துக்காட்டுகளும் ஒரு முடிவைத் தருகின்றன. பெயர் மாற்றம் தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. கொம்பனித்தெருவில் நியாயமான பெயர் வந்தது, மக்கள் நிலைக்கவில்லை. சோனகத் தெருவில் பெயர் நிலைத்தது, மக்கள் துரத்தப்பட்டார்கள். நாகவில்லில் மக்கள் பெயரைத் தூக்கிக்கொண்டு வந்து மீண்டும் ஊன்றினார்கள். நுரைச்சோலையில் பெயரும் இருக்கிறது, மக்களும் இருக்கிறார்கள். தங்கள் கரையில் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் மட்டும் அவர்களிடம் இல்லை. ஓர் ஊரின் குணத்தைக் காப்பது அந்த அதிகாரமே. பெயர் அதன் வெளிப்பாடு.

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன. கற்பிட்டிப் பிரதேச செயலகம் ஊர், முனை, பாடு, தீவு எல்லாவற்றின் பெயர்களையும் வாழ்வோரிடம் கேட்டுத் தமிழிலும் சிங்களத்திலும் பதிய வேண்டும். கரைவலைப் பாடுகளையும் வாடி நிலங்களையும் வரைபடத்தில் குறித்து, அவற்றின் மீதான வழக்காற்று உரிமையைச் சட்டம் ஏற்க வேண்டும். உல்லாச விடுதிக்குக் காணி கொடுப்பதற்கு முன் கடலுக்குப் போகும் பாதை எங்கே என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும். மின் நிலைய வருமானத்தில் ஒரு பங்கு, காற்றையும் நிலத்தடி நீரையும் அளந்து அந்த அளவீட்டை மாதந்தோறும் மக்களுக்கு அறிவிக்கும் பணிக்கும், அயலூர்களின் மருத்துவத்துக்கும் ஒதுக்கப்பட வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகளாக இங்கே வாழும் வடபுலத்து முஸ்லிம்களுக்கு, திரும்பிப் போவதா இங்கே நிலைப்பதா என்பதில் இரண்டு வழியும் காணி உரிமையோடு திறந்திருக்க வேண்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் அரசுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. சைமன் காசிச்செட்டி அன்று தனி ஆளாகச் செய்ததை இன்று கற்பிட்டிக் குடாநாட்டின் பள்ளிகள் கூடிச் செய்ய முடியும். முதியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் போய், பாடுகளின் பெயரையும் எல்லையையும் உரிமைக்காரரையும் கேட்டு எழுதிவைக்கட்டும். நாளை ஒரு வேலி எழும்போது நீதிமன்றில் காட்ட அந்த ஏடு வேண்டும்.